உள்ளூர் ஈரநிலத்தைக் கண்ணாடித் தொட்டிக்குள் வளர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக ஈரநிலத் தொட்டிகள் வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஈரநில டெர்ரேரியம் என்பது மீன்தொட்டியா, செடித்தொட்டியா?

இரண்டுக்கும் நடுவில் இருப்பது. மீன்தொட்டி முழுக்கத் தண்ணீர். வழக்கமான டெர்ரேரியம் ஈர மண்ணும் மேலே காற்றும். இதில் ஒரு பக்கம் நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும், மறுபக்கம் மண் மேடாக ஏறும், இடையில் சேறு. அந்தச் சேற்று விளிம்புக்காகத்தான் இவ்வளவு பாடும். குளக்கரையில் கொஞ்ச நேரம் குந்தி உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், நடமாட்டமெல்லாம் நடுக்குளத்தில் இருக்காது, கரையோரத்தில்தான் இருக்கும். அந்த ஓரத்தை மட்டும் ஒரு முழ நீளத்துக்கு எடுத்து வீட்டில் வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் அழகான செடிகள் கிடைக்கும்போது ஏன் உள்ளூர் இனங்கள்தான் வேண்டும் என்கிறீர்கள்?

முதல் காரணம், உங்கள் ஊர் வெயிலுக்கும் குளிருக்கும் பழகிய செடிக்கு ஹீட்டரும் தேவையில்லை, கூலரும் தேவையில்லை. இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. தொட்டியிலிருந்து தப்பிப் போகிற செடி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. தென் அமெரிக்காவின் ஆகாயத்தாமரை பூவின் அழகுக்காகவே நாடு நாடாகக் கொண்டுபோகப்பட்டது. இன்று எத்தனை ஏரிகளை அது மூடிக் கிடக்கிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் எடுத்து வந்த அதே நீர்நிலையைச் சேர்ந்த செடி என்றால் அந்தப் பயம் வெகுவாகக் குறையும்.

மூன்றாவது காரணம் என் சொந்த ஆசை. தினமும் கடந்துபோகும் குட்டையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதைவிட, எங்கோ இருக்கும் மழைக்காட்டுச் செடியின் பெயரைத் தெரிந்துகொள்வது எனக்கு முக்கியமாகப் படவில்லை.

சாதாரணப் புல், பாசிதானே. சட்டம் இதிலெல்லாமா வரும்?

வரும். இந்த வேலை ஆரம்பிப்பதே அங்கேதான். உள்நாட்டு இனம் என்றால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை பெரும்பாலும் தலைகீழ். பல நாடுகளில் வெளிநாட்டு அலங்காரச் செடியைவிட உள்நாட்டுக் காட்டுயிருக்குத்தான் பாதுகாப்புச் சட்டம் கடுமையாக இருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன்னால் நான்கு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இடம் யாருடையது? தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும், முடிந்தால் இரண்டு வரி எழுதி வாங்கிவிடுங்கள். பொது நீர்நிலை என்றால் அதை நிர்வகிக்கும் துறையைக் கேளுங்கள். "பொது இடம்" என்பதற்கு "எடுத்துக்கொள்ளலாம்" என்று அர்த்தமில்லை.

அந்த இடம் பாதுகாக்கப்பட்ட பகுதியா? தேசியப் பூங்கா, சரணாலயம் போன்ற இடங்களில் ஒரு கைப்பிடிச் சேறு எடுப்பதுகூடப் பொதுவாகக் குற்றம். ஈரநிலங்களைக் காக்க 1971இல் கையெழுத்தான ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள இடங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. உங்கள் நீர்நிலை அதில் இருந்தால் அங்கே எடுக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

அந்த இனம் பாதுகாக்கப்பட்டதா? ஆர்க்கிட்கள் அனைத்தும், நெப்பந்தஸ் குடுவைச் செடிகள் அனைத்தும் அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் எனும் சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் இருப்பவை. சூரியப்பனி போன்ற பூச்சியுண்ணும் செடிகளைப் பல நாடுகளின் உள்நாட்டுச் சட்டங்கள் காக்கின்றன. இனம் என்னவென்று உறுதியாகத் தெரியாத செடி சட்டப்படி எடுக்க முடியாத செடிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதித் தொல்லையைத் தவிர்க்கும்.

கடைசியாக, எடுத்ததை எங்கே கொண்டுபோகிறீர்கள்? மாநில எல்லையோ நாட்டு எல்லையோ தாண்டினால் வேறு விதிகள் வரும். விற்பதாக இருந்தால் இன்னும் வேறு விதிகள்.

நேரில் போய்க் கேட்கத் தயங்காதீர்கள். வனத்துறை அலுவலகத்தில் "இந்தக் குட்டையிலிருந்து இந்த மூன்று செடியில் ஒவ்வொரு துண்டு எடுக்கலாமா?" என்று பெயர் சொல்லிக் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும். "கொஞ்சம் செடி எடுக்கலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால் கிடைக்காது.

அனுமதிக் கடிதம், எடுத்த தேதி, இடம், எடுத்தவற்றின் பட்டியல், படங்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் சேர்த்து வையுங்கள். யாராவது கேட்டால் காட்டலாம். ஐந்து வருடம் கழித்து உங்களுக்கே அந்த நோட்டு பொக்கிஷமாக இருக்கும்.

சாலை போடும் இடத்திலோ கட்டடம் எழும்பும் இடத்திலோ அழியப் போகும் செடிகளை எடுக்கலாமா?

நல்ல வழி. ஆனால் அழியப் போகிற செடி என்பதால் அனுமதி தேவையில்லாமல் போகாது. நில உரிமையாளரிடம் கேளுங்கள், பாதுகாக்கப்பட்ட இனம் இருந்தால் துறையிடமும் சொல்லுங்கள். வாய்க்கால் தூர்வாரும்போது கரையில் குவிக்கும் சேறும் அப்படித்தான். பொறுப்பில் இருப்பவரிடம் ஒரு வாளி கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். என்னிடம் இருக்கும் தொட்டிகளில் மிகச் செழிப்பானது அப்படி வந்த ஒரு வாளிச் சேற்றில் பிறந்ததுதான்.

எவ்வளவு எடுக்கலாம்?

நீங்கள் நினைப்பதில் பத்தில் ஒரு பங்கு. வேரோடு பிடுங்க வேண்டிய அவசியமே அநேகமாக வராது. நீர்ப்பிரமி மாதிரிப் படரும் செடியில் இரண்டு கணு உள்ள துண்டு ஒன்று போதும், சேற்றில் கிடத்தி வைத்தாலே வேர்விட்டுவிடும். ஆரைக்கீரையில் தரையோடு ஓடும் தண்டில் ஒரு விரல் நீளம். கோரையில் ஒரு சின்னத் தூர். மிதக்கும் செடிகளில் ஒரு ஸ்பூன் அளவு. ஓர் இடத்தில் பத்துச் செடிக்குக் குறைவாக இருந்தால் நான் அங்கே கத்தியை எடுப்பதே இல்லை.

சம்பு எடுக்காதீர்கள். ஆள் உயரத்துக்குமேல் போகிற செடியை ஓர் அடிக் கண்ணாடிக்குள் வைத்தால் அதற்கும் கஷ்டம், மற்றதற்கும் கஷ்டம்.

தொட்டி என்ன அளவில் இருக்க வேண்டும்?

முதல் தொட்டிக்கு 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் நல்ல அளவு. உயரத்தைவிடத் தரைப்பரப்புதான் இதில் பயன்படும். எடையை மறந்துவிடாதீர்கள். நனைந்த சேறும் தண்ணீரும் கண்ணாடியும் சேர்ந்து இந்த அளவுத் தொட்டியே 40 கிலோவை நெருங்கும். மேசை ஆடாமல் சமமாக இருக்க வேண்டும். நிரப்பிய பிறகு நகர்த்தலாம் என்று நினைத்தால் கண்ணாடி விரிசல் விடும்.

அடியில் கூழாங்கல், கரித்துண்டு எல்லாம் போட வேண்டுமா?

வேண்டாம். அது தண்ணீர் வடிய வேண்டிய வழக்கமான செடித்தொட்டிக்கான முறை. இங்கே தண்ணீர் தேங்கி நிற்பதுதான் நோக்கம்.

மண்ணாக எதைப் போடுவது?

இங்கேதான் நான் மோசமாக அடிபட்டேன். முதல் தொட்டிக்கு உரம் கலந்த தோட்ட மண்ணை நிரப்பினேன். பத்து நாளில் தண்ணீர் பச்சைக் கூழாகிவிட்டது. அந்த உரமெல்லாம் கரைந்து பாசிக்குத் தீனியாகப் போனது. ஒரு மாதம் போராடிப் பார்த்துவிட்டுக் கடைசியில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதாயிற்று.

உரம் படாத களிமண் கலந்த மண் ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் இரண்டு பங்கு. கூடவே எடுத்து வந்த சேறு இரண்டு மூன்று கைப்பிடி, பாலில் உறை ஊற்றுவது போல. ஆழமான பக்கத்தில் 4 செ.மீ., மேட்டுப் பக்கத்தில் 12 செ.மீ. இருக்கும்படி சரித்து நிரப்புங்கள். மேலே ஒரு விரற்கடை மணல் போட்டு மூடினால் தண்ணீர் கலங்காது. மேடு சரியாமல் நிற்க நடுவில் ஒரு பழைய மரத்துண்டோ கல்லோ வைக்கலாம்.

சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, கெட்டுவிட்டதா?

லேசான வாடை என்றால் கெடவில்லை. தண்ணீரில் ஊறிய மண்ணுக்குள் ஆக்சிஜன் போகாது. அங்கே காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. எந்தக் குளத்துச் சேற்றிலும் இது உண்டு.

கண்ணாடியோரமாகப் பார்த்தால் இன்னும் அழகான ஒன்று தெரியும். அடி மண் கரும்சாம்பல் நிறமாக மாறியிருக்கும். அதற்குள் கோரை வேர் ஓடும் இடத்தில் மட்டும் வேரைச் சுற்றித் துருவின் நிறத்தில் மெல்லிய உறை தெரியும். கோரையின் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் காற்றுக் குழாய்கள் உண்டு. இலை வாங்கும் ஆக்சிஜன் அதன் வழியாக வேர்வரை இறங்கி வெளியே கசிகிறது. அது பட்ட இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு துருப்பிடிக்கிறது. செடி மூச்சுவிடுவதை நிறமாகப் பார்ப்பது போலத்தான் அது. இந்த ஆரஞ்சுக் கோடுகள் தெரிய ஆரம்பித்துவிட்டால் தொட்டி வேர்பிடித்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கலாம்.

அறை முழுக்க நாறினால் மட்டும் கவலைப்படுங்கள். எங்காவது நத்தையோ செடியோ செத்து அழுகிக் கிடக்கும். தேடி எடுத்துவிடுங்கள்.

எந்தத் தண்ணீர்?

மழைநீர்தான் முதல் தேர்வு. கூரையைக் கழுவிவரும் முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் வாய் அகலமான பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்தால் போய்விடும். குளோரினுக்குப் பதில் குளோரமைன் என்ற கிருமிநாசினியைக் கலக்கும் ஊர்களில் அது போகாது. அதற்கு மீன் வளர்ப்போர் பயன்படுத்தும் குளோரின் நீக்கி வேண்டும். ஆவியாகிக் குறைவதை ஈடுகட்ட உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். சில மாதங்களில் கண்ணாடியில் வெள்ளைக் கோடு விழும், பிறகு இலை நுனிகள் கருகும்.

செடிகளை நட்டதும் உயிரினங்களை விடலாமா?

குறைந்தது ஆறு வாரம் பொறுங்கள். அழுகும் இலையும் கழிவும் முதலில் அம்மோனியாவாகின்றன. அதை ஒருவகை நுண்ணுயிரி நைட்ரைட்டாகவும், வேறொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் நீர் உயிர்களுக்கு விஷம், மூன்றாவது செடிக்கு உரம். இந்த நுண்ணுயிரிகள் போதுமான அளவு பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குளத்துச் சேறு போட்டிருந்தால் கொஞ்சம் சீக்கிரம் நடக்கலாம். சோதனை அட்டையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை காத்திருங்கள்.

அந்த ஆறு வாரமும் தொட்டி சும்மா இருக்காது என்பதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். 1829இல் லண்டனில் நத்தானியேல் பாக்‌ஷா வார்டு என்ற மருத்துவர், ஒரு விட்டில் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய பாட்டிலில் வைத்தார். அவர் பார்க்க நினைத்தது விட்டில் வெளிவருவதை. மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. நகரத்துப் புகையில் அவர் தோட்டத்தில் பிழைக்காத பெரணி, பாட்டிலுக்குள் தானாக வந்தது. பிற்பாடு செடிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கடல் கடந்து அனுப்பும் வழக்கம் அதிலிருந்துதான் வந்தது.

சேற்றிலும் அப்படித்தான். காய்ந்து வெடித்த குட்டையின் மேல்மண்ணை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு மழைநீர் ஊற்றிப் பாருங்கள். முதல் இரண்டு நாள் வெறும் கலங்கல்தான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் ஊசிமுனைப் புள்ளிகள் உதறி உதறி நீந்தும். டாஃப்னியா, கோப்பிபாட், எள்ளின் பாதி அளவில் உருளும் ஆஸ்ட்ரகாட் என்று இறால், நண்டு வகையைச் சேர்ந்த நுண்ணிய நீருயிர்கள் ஒவ்வொன்றாக வரும். டாஃப்னியாவின் உறக்க முட்டைகள் பல பத்தாண்டுகள் சேற்றில் புதைந்து கிடந்தும் பொரித்திருக்கின்றன. ஆரைக்கீரையின் வித்துக்கூடுகளும் அதேபோல நீண்ட வறட்சியைத் தாங்குபவை. இவை எதையும் நீங்கள் வலை வீசிப் பிடிக்கவில்லை. அனுமதியோடு எடுத்த கைப்பிடிச் சேறு, அவ்வளவுதான். அதனால்தான் ஆறு வாரம் முடிந்தாலும் முதல் மூன்று மாதம் எதையும் பிடித்து வராதீர்கள் என்கிறேன். என்னென்ன வருகிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். வந்ததைப் பார்த்த பிறகு பெரும்பாலானவர்களுக்குப் பிடித்து வரும் எண்ணமே குறைந்துவிடுகிறது.

சரி, அப்புறம் எந்த உயிரினங்களைச் சேர்க்கலாம்?

மேட்டுப் பக்கத்துக்கு உதிர்ந்த இலையைத் தின்னும் ஸ்பிரிங்டெயில் எனும் துள்ளும் சிற்றுயிர், மரவட்டை. தண்ணீர்ப் பக்கத்துக்கு உள்ளூர்க் குட்டி நத்தை இரண்டு. முதல் வருடத்துக்கு இது போதும். நத்தையின் இனத்தைக் கட்டாயம் உறுதி செய்யுங்கள். தென் அமெரிக்க ஆப்பிள் நத்தைகள் பல நாடுகளில் வயல்களை அழிக்கும் அந்நிய இனங்கள், அவற்றை வைத்திருப்பதே சில இடங்களில் குற்றம்.

தட்டானின் இளம் உயிரியைப் பற்றிக் கேட்பீர்கள். செடியோடு ஒட்டிக்கொண்டு அதுவே வந்துவிடும். எனக்கும் வந்தது. இரண்டு வாரத்தில் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்த எல்லாமே காணாமல் போனது. சேற்று நிறத்தில் அசையாமல் கிடக்கும், இரை பக்கத்தில் வந்ததும் முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதடு கைபோல நீண்டு பிடித்து இழுத்துக்கொள்ளும். கண்ணால் தொடர முடியாத வேகம். அதை வெளியே எடுத்துவிட மனம் வரவில்லை. தனிக் கிண்ணத்தில் வைத்து, கொசுப்புழு கொடுத்து வளர்த்தேன். நீருக்குமேல் நீளும் ஒரு கோரைத் தண்டு வைத்திருந்தேன். ஒரு விடியற்காலையில் அதில் காலியான தோல் மட்டும் முதுகு பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு சாண் மேலே இறக்கை உலராத தட்டான் ஒளியைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தண்டு இல்லாமலிருந்தால் அது ஏற இடமின்றித் தண்ணீரிலேயே செத்திருக்கும். தட்டான் இளசு இருக்கிறதென்று தெரிந்தால் உடனே ஒரு குச்சியை நட்டுவிடுங்கள், மூடியைத் தள்ளி வையுங்கள்.

தவளை, தலைப்பிரட்டை, ஆமைக்குஞ்சு?

வேண்டாம். ஆமை எந்த நிலையிலும் வேண்டாம். பல நாடுகளில் உள்நாட்டுத் தவளைகளையும் ஆமைகளையும் உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. சட்டம் அனுமதிக்கும் இடத்திலும் யோசியுங்கள். தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையால் உலகில் 500க்கும் மேற்பட்ட நீர்நில வாழ்வினங்கள் குறைந்துபோயிருக்கின்றன. ஈரமான வலையும் செருப்பும் போதும் அது ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போக. சேறு எடுக்கப் போகும்போதும் இதே கவனம் வேண்டும். ஒரு குளத்தில் பயன்படுத்திய வலை, வாளி, செருப்பைச் சேறு போகக் கழுவி, முழுதாகக் காயவைத்த பிறகே அடுத்த குளத்துக்குக் கொண்டுபோங்கள்.

கொசு பெருகாதா?

கவனிக்காவிட்டால் பெருகும். வெப்பமான இடத்தில் முட்டை கொசுவாக மாற ஏழிலிருந்து பத்து நாள் போதும். நுண்கண்ணி வலையால் தொட்டியின் வாயை இடுக்கில்லாமல் மூடுங்கள், வெளிக்கொசு உள்ளே வந்து முட்டையிட முடியாது. சேற்றோடு வந்த முட்டை பொரித்தால் புழுக்கள் மூச்சுவிட மேலே வரும்போது ஸ்பூனால் அள்ளிவிடலாம். கொசுவைத் தின்னும் என்று கம்பூசியா மீனை விடாதீர்கள். வட அமெரிக்க மீன் அது, போன பல இடங்களில் உள்ளூர் மீன்களையும் தவளைகளையும் நசுக்கியிருக்கிறது.

வெளிச்சம்?

நேர் வெயில் கூடாது. கண்ணாடிப் பெட்டி சீக்கிரம் கொதிக்கும், சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். வெளிச்சமான ஜன்னலிலிருந்து ஓர் எட்டு தள்ளி வையுங்கள், அல்லது எல்இடி விளக்கை நாளுக்கு 10 மணி நேரம் எரியவிடுங்கள். பாசி அதிகமானால் முதலில் விளக்கு நேரத்தைக் குறைத்துப் பாருங்கள்.

பராமரிப்பு அதிகமா?

வாரம் ஒருமுறை தண்ணீர் மட்டம் பார்ப்பது, மிதக்கும் செடி பாதிப் பரப்பைத் தாண்டினால் அள்ளுவது. சுத்தம் செய்கிறேன் என்று சேற்றைக் கலக்காதீர்கள்.

எடுத்து வந்த குட்டை கோடையில் வற்றுகிற குட்டை என்றால் தொட்டியிலும் வருடத்துக்கு ஒருமுறை தண்ணீரை மெல்ல இறக்குங்கள். நத்தைகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, சேறு ஈரமாக மட்டும் இருக்கும்படி சில வாரம் விடலாம். மறுபடி தண்ணீர் ஏற்றியதும் வருவது முதல் தடவையைவிட அதிகமாக இருக்கும். சில வித்துக்களுக்கு அந்த வறட்சிதான் எழுப்பும் மணி.

தொட்டியைக் கலைக்க வேண்டி வந்தால், எடுத்த இடத்திலேயே திரும்ப விட்டுவிடலாமா?

கூடாது. தொட்டியில் வேறு செடிகளோடும் வேறு தண்ணீரோடும் இருந்தவை என்னென்ன நோயைச் சுமக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பல இடங்களில் அப்படி விடுவதற்கும் தனி அனுமதி தேவை. அங்கேயே பிறந்து பறந்துபோன தட்டான் வேறு விஷயம், வாளியோடு கொண்டுபோய்க் கவிழ்ப்பது வேறு விஷயம்.

அனுமதி விதிகள் இடம்கொடுத்தால், செடிகளையும் நத்தைகளையும் தொட்டி வைத்திருக்கும் இன்னொருவருக்கு, நோட்டில் உள்ள விவரங்களோடு கொடுங்கள். தண்ணீரைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல், நீர்நிலைக்கு ஓடிப் போகாத மண்தரையில் ஊற்றுங்கள். மிச்சச் செடியைக் கருவாடாகக் காயவிட்டுக் குப்பையில் சேருங்கள். சேற்றைத் தட்டில் பரப்பி வெயிலில் வெடிக்கும்வரை காயவையுங்கள். அதில் ஒரு கைப்பிடியைக் காகித உறையில் போட்டு, எடுத்த குட்டையின் பெயரையும் தேதியையும் மேலே எழுதி, ஈரம் படாத பெட்டியில் வைத்துவிடுங்கள். அடுத்த தொட்டிக்கான விதை அதுதான்.